சி மொழியில் ஸ்ட்ரிங், பஃபர், டீபக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி-யில் நிரல் எழுதும் இளையவர்களோடு உட்கார்ந்து பிழை தேடுவது என் அன்றாட வேலை. புதிதாக யார் வந்தாலும் முதல் மாதத்தில் அநேகமாக இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

எந்தப் பெரிய சி புராஜெக்டிலும் 'யூட்டில்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். ஸ்ட்ரிங்கை (எழுத்து வரிசையை) நகலெடுக்க, பஃபரை (தரவை வைக்க ஒதுக்கிய நினைவக இடத்தை) வளர்க்க, தவறு நடந்தால் தகவல் அச்சிட என்று சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் அதில் சேர்ந்திருக்கும். அந்தக் கோப்பை ஒழுங்காக எழுத உதவுவதுதான் இந்தப் பக்கத்தின் நோக்கம். ஃபங்ஷன் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்: நீளம் சொல்வது ஸ்ட்ர்லென், நகலெடுப்பது ஸ்ட்ர்காப்பி, எண்ணிக்கையோடு நகலெடுப்பது ஸ்ட்ரன்காப்பி.

சி-யில ஸ்ட்ரிங்னு தனி டைப்பே இல்லையா? அப்போ நாம எழுதுறது என்ன?

இல்லை. நினைவகத்தில் ஓர் இடத்தில் தொடங்கி, 0 என்ற மதிப்புள்ள பைட் வரும்வரை உள்ள பைட் வரிசையைத்தான் சி ஸ்ட்ரிங் என்கிறது. எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் பாயின்டரில் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியில்) இருக்கிறது. அதன் நீளமும், அந்த இடத்தின் கொள்ளளவும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. நீளம் வேண்டுமென்றால் ஸ்ட்ர்லென் பூஜ்ய பைட் வரை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறது. கொள்ளளவை எண்ணிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எழுதுபவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் பிறக்கின்றன. பாயின்டரை வாங்கும்போதே அதன் கொள்ளளவையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிற ஃபங்ஷனைத்தான் நான் நல்ல யூட்டிலிட்டி ஃபங்ஷன் என்பேன்.

"வணக்கம்" அஞ்சு எழுத்துதானே? ஸ்ட்ர்லென் 21னு சொல்லுது. கம்பைலர் கோளாறா?

கம்பைலர் (மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல்) சரியாகத்தான் இருக்கிறது. ஸ்ட்ர்லென் எண்ணுவது பைட்டை. யூனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறி. அதனால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறிகள் ஆகின்றன. யூனிகோட் குறிகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஏழு மூன்று இருபத்தொன்று. பூஜ்ய பைட்டையும் சேர்த்தால் 22 பைட் இடம் வேண்டும்.

பெயர் என்ற புலத்துக்கு 32 பைட் தாராளம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். 'கார்த்திகேயன்' என்ற பெயரில் 13 குறிகள், அதாவது 39 பைட். ஆங்கில எழுத்தில் எழுதினால் 11 பைட்டில் அடங்கும் அதே பெயர் தமிழில் உங்கள் புலத்தை உடைத்துக்கொண்டு போகும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. தமிழ்ப் பெயர்களை வைத்தும் கட்டாயம் சோதியுங்கள்.

சைஸ்ஆஃப் போட்டா ஒரு இடத்துல 100 வருது, ஃபங்ஷனுக்குள்ள 8 வருது. ஏன்?

சைஸ்ஆஃப் சொல்வது ஒன்றின் பைட் அளவை. அர்ரேவை (வரிசையாக ஒதுக்கிய இடத்தை) அறிவித்த இடத்தில் கம்பைலருக்கு அதன் அளவு தெரியும், 100 கிடைக்கிறது. அதை ஃபங்ஷனுக்கு அனுப்பியதும் போய்ச் சேர்வது பாயின்டர் மட்டும். 64 பிட் இயந்திரத்தில் பாயின்டரின் அளவு 8 பைட். முதல் பதிலில் சொன்ன காரணம்தான். ஆகவே அர்ரேவை அறிவித்த இடத்திலேயே சைஸ்ஆஃப் எடுத்து, அந்த எண்ணையும் ஒரு பாராமீட்டராக அனுப்புங்கள்.

புத்தகத்துல கெட்ஸ் போட்டிருக்கு, கம்பைலர் திட்டுது. யார் சொல்றது சரி?

கம்பைலர். உள்ளீட்டிலிருந்து ஒரு வரியைப் படிக்கும் கெட்ஸ், பஃபரின் அளவைக் கேட்பதே இல்லை, வரி முடியும்வரை எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் வார்ம் என்ற தானே பரவும் நிரல், ஃபிங்கர் சேவை நிரலில் கெட்ஸ் நிரப்பிய 512 பைட் பஃபரை நிறைந்து வழியச் செய்துதான் பல இயந்திரங்களில் நுழைந்தது. 2011இல் வந்த சி11 தரத்திலிருந்தே கெட்ஸை நீக்கிவிட்டார்கள். பஃபரின் அளவையும் கேட்கும் எஃப்கெட்ஸைப் பயன்படுத்துங்கள். அது வரியின் முடிவுக் குறியையும் சேர்த்துத் தரும். வரி நீளமாக இருந்தால் மிச்சம் அடுத்த அழைப்பில்தான் வரும். இரண்டையும் கையாள வேண்டும்.

ஸ்ட்ர்காப்பி ஆபத்துன்னு ஸ்ட்ரன்காப்பிக்கு மாத்திட்டேன். இப்போ பாதுகாப்புதானே?

இல்லை, இன்னொரு விதமான பிழைக்கு மாறியிருக்கிறீர்கள். ஆரம்பகால யூனிக்ஸில் கோப்பகப் பதிவில் கோப்பின் பெயருக்கு நிலையான 14 பைட் புலம் இருந்தது. பெயர் குறைவாக இருந்தால் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும், சரியாக 14 இருந்தால் முடிவில் பூஜ்யம் தேவையில்லை. அந்த மாதிரிப் புலங்களுக்காகச் செய்த ஃபங்ஷன் இது. பெயரைப் பார்த்து, ஸ்ட்ர்காப்பியின் பாதுகாப்பான வடிவம் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

'சென்னை' என்பது ஆறு குறி, 18 பைட். அதை 18 பைட் அர்ரேவுக்குள் ஸ்ட்ரன்காப்பி செய்தால் பதினெட்டும் போய் உட்காரும், முடிவில் பூஜ்ய பைட் இருக்காது. அடுத்து வரும் ஸ்ட்ர்லென் அர்ரேவைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தையும் படிக்கும். சில நாள் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் பக்கத்து பைட் தற்செயலாக 0 ஆக இருந்திருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: 5 பைட் சொல்லை 4096 பைட் பஃபருக்கு நகலெடுத்தால் மிச்சம் 4091 இடத்தையும் பூஜ்யத்தால் நிரப்பி நேரத்தை வீணாக்கும்.

நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியின் மூலநிரலில் தடைசெய்த ஃபங்ஷன்களுக்கென்றே ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ர்காப்பி, ஸ்ட்ர்கேட் (ஸ்ட்ரிங்கின் முடிவில் இன்னொன்றை ஒட்டுவது), எஸ்பிரின்ட்எஃப் (ஃபார்மட் செய்த டெக்ஸ்டைப் பஃபரில் எழுதுவது) ஆகியவற்றோடு ஸ்ட்ரன்காப்பியும் அதில் இருக்கிறது. எழுதினால் கம்பைலே ஆகாது. சிறிய குழுவுக்கும் இது நல்ல ஏற்பாடு, நாங்களும் பின்பற்றுகிறோம்.

சரி, அப்போ எதைத்தான் போடுறது?

பஃபரின் அளவையும் கேட்டு நகலெடுக்கும் ஸ்ட்ரல்காப்பி இருந்தால் அதைப் போடுங்கள். 1998இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் வந்தது. லினக்ஸில் வழக்கமான சி நூலகமான கிலிப்சியில் 2023இல் 2.38 பதிப்பில்தான் சேர்ந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024 பதிப்பிலும் இருக்கிறது. எப்போதும் பூஜ்ய பைட் வைக்கும், மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அந்த எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் டெக்ஸ்ட் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். பழைய கிலிப்சியிலும் வேலை செய்ய வேண்டுமா? எஸ்பிரின்ட்எஃப் போலவே எழுதி, பஃபரின் அளவையும் கேட்கும் எஸ்என்பிரின்ட்எஃப் போதும். அது சி99 தரத்திலேயே உண்டு.

எதைப் போட்டாலும் வெட்டுப்பட்டதா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். கோப்பின் பாதை பாதியில் வெட்டுப்பட்டால் அது வேறொரு கோப்பின் பாதை. அதை அழிக்கச் சொல்லும் நிரலை நினைத்துப் பாருங்கள். உங்கள் யூட்டில் ஃபங்ஷன் 'அடங்கியதா, இல்லையா' என்ற ஒரே விடையைத் திருப்பித் தரட்டும். அழைப்பவர் கணக்குப் போட வேண்டிய நிலையை வைக்காதீர்கள்.

எஸ்என்பிரின்ட்எஃப் திருப்பித் தந்ததைக் கூட்டிக்கிட்டே போறேன். இருந்தும் ஏன் கிராஷ்?

எஸ்என்பிரின்ட்எஃப் தருவது 'இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருப்பேன்' என்ற எண். 64 பைட் பஃபரில் 50 எழுதியாகிவிட்டது, அடுத்த துண்டு 30 பைட். அது 30 என்றுதான் திருப்பித் தரும், உங்கள் நிலை 80க்குப் போகும். மிச்ச இடம் 64 கழித்தல் 80. குறியில்லா எண்ணில் இது எதிர்மறையாகாது, பிரம்மாண்டமான எண்ணாக மாறும். அடுத்த அழைப்பில் 'நிறைய இடம் இருக்கிறது' என்று நம்பி வெளியே எழுதும். லினக்ஸ் கெர்னலில் உண்மையில் எழுதியதை மட்டும் திருப்பித் தரும் எஸ்சிஎன்பிரின்ட்எஃப் என்ற தனி ஃபங்ஷன் இருப்பதன் காரணம் இதுதான். நீங்களும் அப்படியொன்று எழுதி வைத்துக்கொள்ளலாம், ஐந்தாறு வரிதான். கூடவே, பிழை என்றால் எதிர்மறை எண் வரும் என்பதையும் பாருங்கள்.

எவ்வளவு வரும்னே தெரியாத டெக்ஸ்டை எப்படிச் சேர்ப்பது? பெரிய அர்ரேவா அறிவிச்சிடலாமா?

எவ்வளவு பெரிதாக வைத்தாலும் அதைவிட நீளமான ஒன்று ஒரு நாள் வரும். வளரும் பஃபர் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றே உறுப்புகள் கொண்ட ஸ்ட்ரக்ட்: தரவின் பாயின்டர், இப்போதைய நீளம், மொத்தக் கொள்ளளவு. கிட்டில் உள்ள ஸ்ட்ர்பஃப் இதே அமைப்புதான். நீளம் கையிலேயே இருப்பதால் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை. ஸ்ட்ர்கேட்டை லூப்பில் போட்டால் மெதுவாவது அந்த எண்ணிக்கையால்தான்: டெக்ஸ்ட் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும்.

இடம் போதாதபோது தேவையான அளவு மட்டும் கூட்டாமல் கொள்ளளவை இரட்டிப்பாக்குங்கள். அப்போது மொத்தமாக நகலெடுக்கப்படும் பைட்கள் இறுதி நீளத்தின் சில மடங்குக்குள் அடங்கிவிடும். இரட்டிப்பதற்கு முன் பெருக்கல் எண்ணின் எல்லையைத் தாண்டுமா என்று சோதியுங்கள். தாண்டினால் சிறிய எண் கிடைக்கும், சிறிய இடம் ஒதுக்கப்படும், பெரிய தரவு எழுதப்படும்.

ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஆலக் தந்த விடையை அதே பாயின்டரில் நேராகப் போடாதீர்கள். நினைவகம் இல்லாமல் நல் பாயின்டர் (எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டர்) வந்தால் பழைய இடத்தின் முகவரி தொலைந்துபோகும், ஆனால் அந்த இடம் விடுவிக்கப்பட்டிருக்காது. தற்காலிகப் பாயின்டரில் வாங்கி, சோதித்து, அப்புறம் மாற்றுங்கள். இன்னொரு நல்ல பழக்கம்: நீளத்துக்கு அடுத்த பைட்டில் எப்போதும் பூஜ்யம் வையுங்கள். அப்போது பஃபரை எந்த நேரத்திலும் சாதாரண ஸ்ட்ரிங்காகக் கொடுக்கலாம்.

மெம்காப்பியும் மெம்மூவும் ஒண்ணுதானே?

இரண்டும் சொன்ன எண்ணிக்கையில் பைட்களை நகலெடுப்பவை. மூலமும் இலக்கும் ஒன்றின்மேல் ஒன்று படியாதவரை ஒன்றுதான். படிந்தால் மெம்காப்பியின் விளைவுக்கு உத்தரவாதம் இல்லை. 2010இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீடு வந்தபோது ஃப்ளாஷ் காணொளிகளில் ஒலி சிதைந்தது. கிலிப்சி மெம்காப்பியை வேகமாக்க நகலெடுக்கும் திசையை மாற்றியிருந்தது. ஃப்ளாஷ் படியும் இடங்களுக்கும் மெம்காப்பியை அழைத்துக்கொண்டிருந்தது. பஃபரின் முன்பகுதியை நீக்கி மிச்சத்தை முன்னால் தள்ளும் ஃபங்ஷன் எழுதினால் மெம்மூவ் மட்டுமே போடுங்கள்.

நீளத்தையும் சேர்த்தே அனுப்புறேன். இனிமே கவலை இல்லையே?

நீளத்தைச் சொன்னது யார் என்று பாருங்கள். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டையில் இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் நீளத்தை வாங்கிக்கொண்டுதான் மெம்காப்பி செய்தது. ஆனால் அந்த நீளம் மறுமுனையில் இருப்பவர் செய்தியில் எழுதி அனுப்பியது. வந்தது சில பைட், எழுதியிருந்தது 64 கிலோபைட் வரை. நிரல் நம்பியது. சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் பதிலோடு வெளியே போகும் நிலை ஏற்பட்டது. வெளியிலிருந்து வரும் எந்த நீளத்தையும், உண்மையில் கைக்கு வந்து சேர்ந்த பைட் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

தமிழ் டெக்ஸ்டை வெட்டினா கடைசியில கேள்விக்குறிக் கட்டம் வருது. எப்படிச் சரிபண்றது?

ஒரு குறியின் மூன்று பைட்களுக்கு நடுவே வெட்டியிருக்கிறீர்கள். 12 பைட் பஃபரில் 'வணக்கம்' என்பதை வெட்டினால் 11 பைட் போகும்: மூன்று முழுக் குறிகளும், நான்காவதன் இரண்டு பைட்டும். யூடிஎஃப்-8இல் ஒரு குறியின் தொடர்ச்சி பைட்கள் எப்போதும் 128 முதல் 191 வரையில் இருக்கும். வெட்டுமிடத்தில் உள்ள பைட் அந்த வரம்பில் இருந்தால் ஒன்றொன்றாகப் பின்னால் வந்து, அந்த வரம்பில் இல்லாத பைட்டில் வெட்டுங்கள்.

தமிழுக்கு அது மட்டும் போதாது. மேலே சொன்னபடி பின்வந்தால் 9 பைட்டில் நிற்கும், 'வணக' என்று வரும். புள்ளி போய்விட்டது, 'க்' இப்போது 'க' ஆகிவிட்டது. கட்டம் வராததால் யாருக்கும் தெரியாது, ஆனால் சொல் தவறு. வெட்டுமிடத்தில் நிற்கும் குறி புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் அதற்கு முந்தைய மெய்யையும் சேர்த்து விட்டுவிட வேண்டும், 'வண' என்று நிற்க வேண்டும். க்ஷ, ஸ்ரீ போன்றவற்றையும் பிரிக்காமல் காக்க வேண்டுமென்றால் ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தை நாடுங்கள், கையால் எழுதாதீர்கள்.

இஸ்ஆல்ஃபா தமிழ் எழுத்துக்கு ஒரு மெஷின்ல ஒண்ணு, இன்னொண்ணுல வேற சொல்லுதே?

இஸ்ஆல்ஃபா என்பது கொடுத்தது எழுத்தா என்று சோதிப்பது. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224. எக்ஸ்86 இயந்திரங்களில் ஒரு பைட்டை வைக்கும் கேர் டைப்பில் வழக்கமாக எதிர்மறை எண்ணும் உண்டு, அங்கே அது -32 ஆகிவிடும். ஏஆர்எம் லினக்ஸில் 224 ஆகவே இருக்கும். இஸ்ஆல்ஃபாவுக்கு எதிர்மறை எண்ணை அனுப்பக் கூடாது. அனுமதிக்கப்பட்ட ஒரே விலக்கு கோப்பு முடிவைக் குறிக்கும் இஓஎஃப். எப்போதும் அன்சைன்ட் (எதிர்மறை இல்லாத) கேராக மாற்றி அனுப்புங்கள். மாற்றினாலும் அது ஒரு பைட்டைத்தான் பார்க்கும், தமிழ் எழுத்தை அடையாளம் காணாது. ஆனால் காற்புள்ளி, இடைவெளி பார்த்துப் பிரிப்பதில் அச்சம் வேண்டாம்: தமிழின் எல்லா பைட்களும் 127க்கு மேல் இருப்பதால் அவற்றில் எதுவும் காற்புள்ளியோடு குழம்பாது.

ரெண்டுமே "கொடி"தான். ஆனா ஸ்ட்ர்கம்ப் வேற வேறன்னு சொல்லுது!

ஸ்ட்ர்கம்ப் இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடுவது. இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் கேட்பது: பைட்களை அச்சிட்டுப் பார்த்தீர்களா? திரையில் தெரிவதை நம்ப வேண்டாம். யூட்டில் கோப்பில் ஒரு ஹெக்ஸ் டம்ப் (பைட்களைப் பதினாறடிமான எண்ணில் அச்சிடும்) ஃபங்ஷன் கட்டாயம் இருக்கட்டும். வரிக்கு 16 பைட், இடப்பக்கம் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண், நடுவில் பைட்களின் ஹெக்ஸ் மதிப்பு, வலப்பக்கம் அச்சிடத்தக்க எழுத்து, மற்றவற்றுக்குப் புள்ளி. நீளத்தைத் தனி எண்ணாக வாங்க வேண்டும், பூஜ்ய பைட்டில் நிற்கக் கூடாது. பஃபரின் நடுவே பூஜ்யம் இருக்கிறதா என்பதுதான் பல நேரம் நாம் தேடுவதே.

'கொடி'யை டம்ப் செய்தால் (இங்கே பதின்ம எண்ணில் எழுதுகிறேன்) ஒன்றில் க-வுக்கான 224 174 149 முடிந்ததும் 224 175 138 என்று ஒரே குறி வரும். இன்னொன்றில் 224 175 134, 224 174 190 என்று இரண்டு குறிகள் வரும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் சேர்த்தும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. ஸ்ட்ர்கம்ப் பைட்களை மட்டும் பார்ப்பதால் 12 பைட்டும் 15 பைட்டும் வேறு என்கிறது. கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. உள்ளே வரும்போதே எல்லா டெக்ஸ்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால் அப்புறம் ஒப்பீடு சரியாக நடக்கும்.

இதே டம்ப் வேறு சிலவற்றையும் காட்டிக்கொடுக்கும். கோப்பின் தொடக்கத்தில் 239 187 191 இருந்தால் அது பிஓஎம் (யூனிகோட் கோப்பின் தொடக்க அடையாளம்). வரிக் கடைசியில் 13 இருந்தால் விண்டோஸில் எழுதிய கோப்பு. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் 194 160 (வரி உடையாத இடைவெளி) இருந்தால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

கிராஷுக்கு முன்னாடி பிரின்ட்எஃப் போட்டிருந்தேன். அதுவே வரலை. அதுக்கும் முன்னாடியே கிராஷ் ஆயிடுச்சா?

அவசியமில்லை. ஸ்டாண்டர்ட் அவுட்புட், டெர்மினலுக்குப் போனால் வரி முடியும்வரை காத்திருக்கும். கோப்புக்கோ பைப்புக்கோ போனால் பஃபர் நிறையும்வரை காத்திருக்கும். கிராஷ் ஆனால் காத்திருந்தது தொலைந்துபோகும். டீபக் செய்திகளை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்புங்கள், அது காத்திருக்காது. நேற்றுக்கூட ஒருவர் இதனால் தவறான ஃபங்ஷனில் அரை நாள் தேடினார்.

டீபக் ஃபங்ஷனை ஏன் மேக்ரோவாகவே எழுதுறாங்க?

மேக்ரோ என்பது கம்பைலுக்கு முன் அழைத்த இடத்திலேயே விரித்து எழுதப்படும் நிரல் துண்டு. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பதை அழைத்த இடத்திலேயே எடுக்க வேண்டும். சாதாரண ஃபங்ஷனுக்குள் எடுத்தால் யூட்டில் கோப்பின் வரிதான் வரும். அதனால் மேக்ரோ அந்த மூன்றையும் (கோப்பு, வரி, சி99இலிருந்து ஃபங்ஷன் பெயரும்) எடுத்து உள்ளே இருக்கும் உண்மையான ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறது. மேக்ரோவின் உடலை டூ-வைல் பூஜ்யத்துக்குள் (ஒரே ஒரு முறை ஓடும் லூப்) அடைத்து எழுதுங்கள். இல்லையென்றால் அடைப்பில்லாத இஃப்-எல்ஸ் நடுவே வரும்போது உடையும்.

உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு ஜிசிசி கம்பைலரின் ஃபார்மட் குறிப்பைச் சேருங்கள். பிரின்ட்எஃப் போலவே வகைப் பொருத்தத்தைக் கம்பைலர் சோதிக்கும். அப்புறம், பயனர் தந்த டெக்ஸ்டை ஃபார்மட்டாகவே ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதில் சதவீதக் குறி இருந்தால் நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வழி திறந்துவிடும்.

டீபக் வரியைச் சேர்த்ததும் நிரல் வேற மாதிரி ஓடுது. எடுத்தா பழையபடி. பேய் மாதிரி இருக்கு.

மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று எர்னோ (கடைசிப் பிழையின் எண்ணை வைக்கும் மாறி): உங்கள் டீபக் ஃபங்ஷன் அச்சிடும்போது எர்னோ மாறலாம், அடுத்த வரி அந்த மாறிய மதிப்பைப் படிக்கும். நுழைந்ததும் எடுத்து வைத்து, வெளியேறும்போது திரும்ப வையுங்கள். இரண்டு அசெர்ட் (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் சோதனை): அதன் அடைப்புக்குள் ஏதாவது வேலை செய்திருந்தால், அசெர்ட்டை அணைக்கும் என்டீபக் போட்டுக் கம்பைல் செய்யும்போது அந்த வேலையே காணாமல் போகும். அசெர்ட்டுக்குள் சோதனை மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது, எங்கோ பஃபர் வழிகிறது, டீபக் வரி நினைவக அமைப்பை நகர்த்தியதால் அடி வேறிடத்தில் விழுகிறது. இதற்கு அச்சிட்டுத் தேடாதீர்கள். நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். ஜிசிசியில் 4.8 பதிப்பிலிருந்தே உண்டு, நிரல் சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும், எல்லை மீறிய வரியைக் காட்டும். துவக்க மதிப்பில்லாத மாறியைப் படிப்பதை அது பிடிக்காது, அதற்கு வால்கிரைண்ட் என்ற கருவி. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்க முடியாது.

வளரும் பஃபர்ல சின்ன டெக்ஸ்ட் சரியா வருது, பெரிசானா மட்டும் குப்பை. கொள்ளளவுக் கணக்கை பத்து தடவை பார்த்துட்டேன்.

கணக்கு சரியாக இருக்கலாம். ஃபார்மட் செய்து சேர்க்கும் ஃபங்ஷனில் விஎஸ்என்பிரின்ட்எஃப்பை (ஆர்கியுமென்ட்களைப் பட்டியலாக வாங்கும் எஸ்என்பிரின்ட்எஃப்) இரண்டு முறை அழைக்கிறீர்களா? முதல் முறை இடம் போதவில்லை, பஃபரை வளர்க்கிறீர்கள், அதே ஆர்கியுமென்ட் பட்டியலோடு மறுபடி அழைக்கிறீர்கள். முதல் அழைப்பிலேயே அந்தப் பட்டியல் படித்து முடிக்கப்பட்டிருக்கும். முதல் அழைப்புக்கு முன்பே விஏ காப்பியால் ஒரு நகல் எடுத்து, இரண்டாம் முறைக்கு அதைக் கொடுங்கள். பழைய 32 பிட் இயந்திரங்களில் நகல் இல்லாமலும் ஓடியதால் பல பழைய நிரல்களில் இந்தப் பிழை இன்னும் தங்கியிருக்கிறது.

கடவுச்சொல்லை மெம்செட்டால அழிச்சுட்டுத்தான் ஃப்ரீ பண்றேன். கோர் டம்ப்ல இன்னும் இருக்கே?

மெம்செட் ஓர் இடத்தை ஒரே மதிப்பால் நிரப்புவது, ஃப்ரீ அந்த இடத்தை விடுவிப்பது, கோர் டம்ப் கிராஷின்போது சேமித்த நினைவக நகல். ஃப்ரீ ஆகப்போகிற இடத்தில் எழுதுவது வீண் என்று கணித்துக் கம்பைலர் அந்த மெம்செட்டை நீக்கிவிட்டது, அதற்கு உரிமையும் உண்டு. கம்பைலர் நீக்காத எக்ஸ்பிளிசிட் பிஜீரோ பயன்படுத்துங்கள், கிலிப்சியில் 2.25இலிருந்து இருக்கிறது. சி23 தரத்தில் மெம்செட் எக்ஸ்பிளிசிட் என்ற பெயரில் வந்திருக்கிறது. ரீஆலக்கால் வளர்ந்த பஃபரில் கடவுச்சொல் இருந்தால், பழைய இடத்தில் அதன் நகல் அழிக்கப்படாமல் கிடக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

என் யூட்டில் ஃபங்ஷன்களுக்கு ஸ்ட்ர்னு ஆரம்பிச்சுப் பேர் வைக்கலாமா?

'ஸ்ட்ர்' என்பதை அடுத்து ஆங்கிலச் சிறிய எழுத்து வரும் ஃபங்ஷன் பெயர்களை சி தரம் தன் எதிர்காலத் தேவைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. அடிக்கோடு போட்டுப் பிரித்தால் அந்த ஒதுக்கீட்டுக்குள் வராது. மேலே சொன்ன கிலிப்சி 2.38 வந்தபோது, ஸ்ட்ரல்காப்பியைத் தாங்களே ஸ்டாட்டிக் ஃபங்ஷனாக எழுதி வைத்திருந்த நிரல்கள் தலைப்புக் கோப்போடு மோதிக் கம்பைல் ஆகாமல் நின்றன. உங்கள் புராஜெக்டின் பெயரிலிருந்து இரண்டு மூன்று எழுத்தை எடுத்து முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். தரத்தில் உள்ள பெயரையே வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், நூலகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பில்டின்போது சோதித்து, இல்லாதபோது மட்டும் உங்களுடையதைச் சேருங்கள்.